பீரோவில் இருக்கும் கேசட்டுகளுக்கும் காலாவதி உண்டு
வீட்டு வீடியோவையும் பாட்டையும் பிரதி எடுத்து வைக்க வணிகர்களுக்குச் சில யோசனைகள்



கடையில் ஒரு சரக்குக்குக் காலாவதி தேதி நெருங்கினால் நாம் சும்மா இருப்பதில்லை. பின்வரிசையில் உள்ளதை முன்வரிசைக்குக் கொண்டுவருகிறோம். விலையைக் குறைத்துத் தள்ளுகிறோம். அதுவும் முடியாவிட்டால் கம்பெனிக்காரரிடம் திருப்பிக் கொடுக்கிறோம். ஆனால் நம் வீட்டுப் பீரோவின் அடித்தட்டில், பட்டுப் புடவைகளுக்கும் பழைய பத்திரங்களுக்கும் நடுவே ஒரு சரக்கு கிடக்கிறது. அதன்மேல் தேதி அச்சிடப்படவில்லை. திருப்பி எடுத்துக்கொள்ளக் கம்பெனியும் கிடையாது. கல்யாண வீடியோ கேசட், காதுகுத்து கேசட், கடை திறப்பு விழா கேசட், ஊர்க் கோயில் கொடையில் பதிவு செய்த வில்லுப்பாட்டு கேசட் ஆகியவைதான் அந்தச் சரக்கு.

இவற்றைப் பென்டிரைவிலோ செல்போனிலோ கையடக்கப் பாட்டுப் பெட்டியிலோ ஏற்றி வைத்துக்கொள்வது எப்படி, அதில் எதைக் கவனிக்க வேண்டும், கடைக்காரர்களாகிய நாம் எந்த எல்லையைத் தாண்டக் கூடாது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

நமது வட்டாரத்தில் கேசட் வந்த கதை

சென்னைத் தொலைக்காட்சி 1975-ல் தொடங்கியது. 1982-ல் டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோது கலர் ஒளிபரப்பு வந்தது. அதையொட்டி வி.சி.ஆர். என்னும் கருவியும் பரவியது. நம் ஜனங்கள் அதை "டெக்" என்றே அழைத்தார்கள். சொந்தமாக டெக் வைத்திருந்தவர்கள் சிலர்தான். மற்றவர்கள் சனிக்கிழமை இரவு டி.வி.யையும் டெக்கையும் வாடகைக்கு எடுத்து, தெருவே கூடி விடிய விடிய மூன்று படம் பார்த்த காலம் அது. பர்மாவிலிருந்து திரும்பியவர்களின் பிழைப்புக்காகக் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டி உருவான பர்மா பஜாரில் சிங்கப்பூர் டெக்கும் வெற்றுக் கேசட்டும் கிடைத்தன. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியிலிருந்து பலர் மின்சார ரயிலிலும் பஸ்ஸிலும் போய் வாங்கி வந்தார்கள்.

நமது வட்டாரத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும் வந்தபின், வேலைக்காகவும் வியாபாரத்துக்காகவும் வெளியூர்க்காரர்கள் இங்கே குடியேறினார்கள். சி.டி.எச். சாலை நெடுகிலும் மளிகைக் கடை வைத்தவர்களில் கணிசமானோர் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய கல்யாணம் ஊரில் நடந்தது. கோயில் கொடை ஊரில் நடந்தது. பலருக்கு அந்த ஊர் வீடு இன்று இல்லை. விற்றாயிற்று, அல்லது இடிந்துவிட்டது. கேசட்டில் மட்டுமே அந்தத் திண்ணையும் அந்தத் தெருவும் அந்த மனிதர்களும் மிச்சம்.

புகைப்படம் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். புகைப்படத்துக்குக் குரல் கிடையாது. எங்கள் வீட்டில் 1989-ம் வருடத்துக் கல்யாண கேசட் ஒன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் மாற்றி டி.வி.யில் போட்டோம். எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்டது மணமேடைக் காட்சியை அல்ல. பந்தியில் வீடியோ லைட் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "அந்தப் பிள்ளைக்கு இன்னொரு அப்பளம் வையுங்க" என்று எங்கள் பாட்டி சொல்லும் நான்கு விநாடிகளைத்தான். அவர் குரல் வேறு எங்கும் பதிவாகவில்லை. வீட்டுச் சிறுவர்கள் அன்றுதான் அதை முதன்முதலாகக் கேட்டார்கள்.

ஏன் தள்ளிப்போடக் கூடாது?

முதல் காரணம், நாடாவின் தன்மை. வி.எச்.எஸ். கேசட்டுக்குள் இருப்பது அரை அங்குல அகலமுள்ள பிளாஸ்டிக் நாடா. மூன்று மணி நேரக் கேசட்டில் சுமார் 250 மீட்டர் நாடா சுற்றப்பட்டிருக்கும். அதன்மேல் காந்தத் துகள்களை ஒருவகைப் பசை கொண்டு ஒட்டியிருக்கிறார்கள். படமும் ஒலியும் அந்தத் துகள்களில்தான் இருக்கின்றன. காலப்போக்கில் பசை தளர்கிறது, காந்தப் பதிவும் மங்குகிறது. நமது சென்னையின் ஈரக் காற்றோ பூஞ்சணத்துக்கு மிகவும் உகந்தது. பருப்பில் வண்டு விழுந்தால் சல்லடை போட்டுத் தப்பிக்கலாம். நாடாவில் பூஞ்சணம் ஏறினால் அந்த இடத்துப் படமே போய்விடும்.

இரண்டாவது காரணம், கருவி. நாடா நன்றாக இருந்தாலும் அதை ஓட்ட டெக் வேண்டும். வி.எச்.எஸ். முறையை 1976-ல் ஜப்பானில் ஜே.வி.சி. கம்பெனி அறிமுகம் செய்தது. கடைசிவரை டெக் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி, உதிரி பாகங்கள் கிடைப்பது கடினமாகிவிட்டது என்று கூறி 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டுகூட அந்தக் கம்பெனி சுமார் 7.5 லட்சம் டெக்குகள் விற்றிருந்தது. வாங்க ஆளிருந்தும் பாகம் இல்லாமல் நின்ற வியாபாரம் அது. இனிமேல் இருக்கும் பழைய டெக்குகள்தான். அவற்றைப் பழுது பார்க்கத் தெரிந்த மெக்கானிக்குகளும் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

மூன்றாவது காரணம், தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலும் நமது பகுதியில் வீடுகளுக்குள்ளும் கடைகளுக்குள்ளும் தண்ணீர் புகுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அரிசி மூட்டையை மேலே தூக்கினோம். பீரோவின் அடித்தட்டை எத்தனை பேர் நினைத்தோம்?

"எல்லாம்தான் போனில் வருகிறதே"

பிள்ளைகள் இப்படிச் சொல்வதுண்டு. ஒருவகையில் அது சரி. சினிமாப் பாட்டு எதுவானாலும் இன்று போனில் கேட்கலாம். ரிக்கார்டிங் சென்டருக்குப் போய், பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்து, ஒரு வாரம் கழித்து 60 நிமிடக் கேசட்டை வாங்கி வந்த காலம் போய்விட்டது. 2016-க்குப் பின் இணையக் கட்டணம் வெகுவாகக் குறைந்ததும் அந்த மாற்றம் முழுமையாகிவிட்டது.

ஆனால் உங்கள் அப்பா கடை திறந்த அன்று பேசிய பேச்சு எந்த இணையத்திலும் இல்லை. உங்கள் ஊர் அம்மன் கோயில் கொடையில் புலவர் பாடிய வில்லுப்பாட்டு, டேப் ரிக்கார்டரை மேடை ஓரம் வைத்து நீங்கள் பதிவு செய்த அந்த ஒரு கேசட்டில்தான் இருக்கிறது. சந்தையில் கிடைக்கும் சரக்கைப் பற்றி நாம் கவலைப்படுவதில்லை. உலகத்திலேயே ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றால் அதற்குக் காவல் போட வேண்டாமா? ஆகவே சினிமாப் பாட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வீட்டுப் பதிவை முதலில் எடுங்கள்.

பெயர்ப் பலகை எழுதும் தொழில் செய்த கோட்டையூர் ரோஜா முத்தையா, மற்றவர்கள் எடைக்குப் போட்ட பழைய புத்தகங்களையும் நோட்டீசுகளையும் தேடித் தேடிச் சேர்த்தார். அந்தச் சேகரிப்பிலிருந்துதான் 1994-ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. சாதாரணத் தொழில் செய்த ஒருவர் அக்கறை எடுத்ததால் தமிழ்நாட்டுக்கே ஒரு சொத்து கிடைத்தது. நாம் அவ்வளவு செய்ய வேண்டியதில்லை. நம் வீட்டுச் சொத்தைக் காப்பாற்றினால் போதும்.

வீடியோ கேசட்டை மாற்றும் முறை

1. முதலில் கணக்கெடுங்கள். எத்தனை கேசட், என்ன விசேஷம், எந்த வருடம், யாருடையது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மேலே ஒட்டிய காகிதம் உதிர்ந்திருந்தால் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்.

2. கேசட்டின் கண்ணாடி வழியே பாருங்கள். சுற்றிய நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பொடி படிந்ததுபோல் தெரிந்தால் அது பூஞ்சணம். அந்தக் கேசட்டை டெக்கில் போடவே கூடாது. போட்டால் டெக்கின் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டையும் கெடுக்கும். அதைத் தனியே பிரித்து வைத்து, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஈரம் போகட்டும் என்று வெயிலில் காய வைப்பதும் தவறு. வத்தலுக்கு வெயில் நல்லது, நாடாவுக்கு ஆகாது.

3. கேசட்டின் முதுகுப் பக்க ஓரத்தில் சிறிய பிளாஸ்டிக் துண்டு ஒன்று இருக்கும். அதை உடைத்துவிடுங்கள். அதன்பின் தவறி யாராவது ரிக்கார்டு பொத்தானை அழுத்தினாலும் பழைய பதிவு அழியாது. பாட்டுக் கேசட்டிலும் இதேபோல் மேல்விளிம்பில் இரண்டு துண்டுகள் உண்டு.

4. நெடுநாள் ஓடாத கேசட்டைக் கடைசிவரை முன்னால் ஓட்டி, பிறகு திரும்பச் சுற்றுங்கள். இறுகிக் கிடந்த நாடா சீராகும். அதற்கு முன் டெக்கின் ஹெட்டைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள்.

5. டெக்கின் பின்னால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர்கள் வரும். மஞ்சள் படத்துக்கு, மற்ற இரண்டும் ஒலிக்கு. இவற்றைக் கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி. துளையில் செருகும் "வீடியோ கேப்சர்" என்ற சிறு கருவியில் இணைக்க வேண்டும். ரிச்சி தெருவில் விசாரித்தால் இது கிடைக்கும். கம்ப்யூட்டரில் "பால்" முறையைத் தேர்ந்தெடுங்கள். நமது நாட்டுக் கேசட்டும் சிங்கப்பூர், வளைகுடாவிலிருந்து வந்த கேசட்டும் பெரும்பாலும் இந்த முறையில்தான் இருக்கும். அமெரிக்காவில் இருக்கும் உறவினர் அங்கே எடுத்து அனுப்பிய கேசட் மட்டும் "என்.டி.எஸ்.சி." என்ற வேறு முறையில் இருக்கும். அதற்கு அந்த முறையை ஓட்டும் டெக் வேண்டும்.

6. மூன்று மணி நேரக் கேசட்டை மாற்ற மூன்று மணி நேரம் ஆகும். இதில் குறுக்கு வழி கிடையாது. எம்.பி.4 கோப்பாகப் பதிவு செய்தால் நல்ல தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 2 ஜி.பி. அல்லது அதற்குச் சற்று மேல் இடம் பிடிக்கும். 64 ஜி.பி. பென்டிரைவ் ஒன்றில் சுமார் 25 மணி நேர வீடியோ அடங்கும்.

7. கல்யாண வீடியோ முழுவதையும் ஒரே கோப்பாக வைக்காதீர்கள். பல பென்டிரைவுகளும் பழைய டி.வி.க்களும் பயன்படுத்தும் "ஃபேட் 32" முறையில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்ற முடியாது. மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், பந்தி, மறுவீடு என்று பிரித்து வைத்தால் ஏற்றுவதும் சுலபம், தேடுவதும் சுலபம். பிரித்தபின் எடிட்டிங் என்ற பெயரில் எதையும் வெட்டி எறிய வேண்டாம். இன்று சலிப்பாகத் தோன்றும் பந்திக் காட்சியில்தான் நாளை நாம் தேடும் முகம் இருக்கும்.

8. வெளியே கொடுத்து மாற்றுவதானால் ஒரு கேசட்டை மட்டும் முதலில் கொடுத்துப் பாருங்கள். எத்தனை கேசட் கொடுத்தோம் என்று எண்ணிக்கையுடன் ரசீது வாங்குங்கள். முழுவதும் வேண்டும், வெட்டக் கூடாது என்று எழுதிக் கொடுங்கள். அசல் கேசட்டைக் கட்டாயம் திரும்ப வாங்குங்கள். நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் கோப்பு கிடைத்தது, அசலைக் காணோம் என்று கையை விரித்துவிட்டார்கள். கோப்பைத் திறந்து பார்த்தால் பாதிக்குமேல் ஒலியே இல்லை. மறுபடி எடுக்க வழியின்றிப் போயிற்று.

2000-க்குப் பின் வந்த சிறிய மினி டி.வி. கேசட்டுகளுக்கு அவற்றுக்குரிய கேமராவே வேண்டும். கேமரா கெடுவதற்குள் அவற்றையும் முடித்துவிடுங்கள். அதேபோல் கல்யாண ஸ்டுடியோவில் எழுதிக் கொடுத்த சி.டி., டி.வி.டி. தட்டுகளும் நிரந்தரமல்ல. அவை இன்று ஓடினால் இன்றே கம்ப்யூட்டரில் நகல் எடுங்கள்.

பாட்டுக் கேசட்டை மாற்றும் முறை

இது இன்னும் எளிது. டேப் ரிக்கார்டரில் ஹெட்போன் செருகும் துளையிலிருந்து கம்ப்யூட்டரின் ஒலி உள்வாங்கும் துளைக்கு ஓர் ஒயர் போதும். "ஆடாசிட்டி" என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. எம்.பி.3 முறையில் சாதாரணத் தரத்தில் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 1 எம்.பி. இடம் போதும். அதாவது 60 நிமிடக் கேசட் ஒன்றுக்கு 60 எம்.பி. நூறு கேசட்டுகள் சேர்ந்தாலும் 6 ஜி.பி.தான். ஒரு பீரோத் தட்டு நிறைய இருந்த கேசட்டுகள் கட்டை விரல் அளவுள்ள பென்டிரைவில் அடங்கி, மிச்ச இடமும் இருக்கும். இடத்துக்குப் பஞ்சமில்லை என்பதால் பாட்டை 192 என்ற அளவில் சற்று உயர்ந்த தரத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

எந்தக் கருவியில் ஏற்றுவது?

கையில் கொண்டுபோகும் பாட்டுப் பெட்டி புதியதல்ல. ஜப்பானின் சோனி 1979-ல் வாக்மேன் கொண்டுவந்தது. அமெரிக்காவின் ஆப்பிள் கம்பெனி 2001 அக்டோபரில் "ஆயிரம் பாட்டு உங்கள் சட்டைப் பையில்" என்ற வகையில் ஐபாடை விளம்பரம் செய்தது. அதில் இருந்த இடம் வெறும் 5 ஜி.பி. 2005-ல் வீடியோ ஓடும் ஐபாடும் வந்தது. 2022 மே மாதத்தில் அதன் உற்பத்தியே நின்றுவிட்டது. செல்போன் அந்த வேலையையும் எடுத்துக்கொண்டது. கருவி வரும், போகும். கோப்பு நம் கையில் இருந்தால் அடுத்த கருவிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதே இதில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது.

வயதானவர்களுக்கு எது தோது? இதற்கு நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் உண்டு. எச்.எம்.வி. என்று நாம் அறிந்த பழைய இசைத்தட்டுக் கம்பெனி, சரிகம என்று பெயர் மாறியபின், 2017-ல் கார்வான் என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. பழைய ரேடியோ போன்ற தோற்றம், உள்ளேயே 5,000 பாட்டுகள். திருகினால் பாட்டு வரும். தமிழ்ப் பாட்டுப் பெட்டியும் பிறகு வந்தது. எல்லாப் பாட்டும் போனில் கிடைக்கும் காலத்திலும் அது விற்றதற்குக் காரணம் ஒன்றுதான். பெரியவர்களுக்கு வேண்டியது ஆயிரம் வசதிகள் அல்ல, பழகிய பொத்தான். அதில் பென்டிரைவ் செருகும் வசதியும் இருக்கிறது. ஆகவே நீங்கள் மாற்றிய வில்லுப்பாட்டையும் வீட்டுக் குரல்களையும் அதிலேயே கேட்கலாம். படம் மட்டும் ஓடாது. இதைவிடக் குறைந்த விலையில் பென்டிரைவ், மெமரி கார்டு செருகும் சாதாரண ரேடியோப் பெட்டிகளும் நம் கடைவீதிகளிலேயே கிடைக்கின்றன.

வீடியோவுக்கு வீட்டு டி.வி.யே நல்லது. பென்டிரைவைப் பின்னால் செருகி ரிமோட்டில் தேர்ந்தெடுத்தால் போதும். வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் பிள்ளைகளுக்குச் செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் செருகக்கூடிய இருமுனைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுக்கலாம். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அளவைச் சுருக்கித் தரத்தைக் குறைத்துவிடும். பார்க்க அனுப்பலாம், பாதுகாக்க அது உதவாது.

பேரேடு எழுதுவதுபோல் எழுதி வையுங்கள்

சரக்கு வந்தால் மட்டும் போதுமா? இருப்புப் புத்தகத்தில் ஏற வேண்டும். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது வருடத்தை முன்னால் வையுங்கள். "1991-06 கடை திறப்பு" என்பதுபோல் வைத்தால் கம்ப்யூட்டரே வரிசைப்படுத்திவிடும். மலிவான சில பாட்டுப் பெட்டிகளின் திரையில் தமிழ் எழுத்து தெரியாமல் கட்டம் கட்டமாக வரும். அந்தப் பெட்டிக்கான பிரதியில் மட்டும் எண்ணால் பெயர் வைத்து, எந்த எண் எந்தப் பாட்டு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

அடுத்தது மிகவும் முக்கியம். வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே அவர்களுடன் உட்கார்ந்து வீடியோவைப் பாருங்கள். இவர் யார், என்ன உறவு, எந்த ஊர் என்று கேட்டு எழுதுங்கள். பெயர் தெரியாத முகம், விலாசம் தெரியாத பாக்கிக்காரரைப் போன்றது. கணக்கில் இருக்கும், கைக்கு வராது.

பிரதிகள் எப்போதும் மூன்று இருக்கட்டும். ஒன்று வீட்டுக் கம்ப்யூட்டரில் அல்லது ஹார்ட் டிஸ்கில். ஒன்று பென்டிரைவில். மூன்றாவது வேறு ஊரில் இருக்கும் மகன், மகள் அல்லது தம்பி வீட்டில். ஒரே கிடங்கில் மொத்தச் சரக்கையும் அடுக்குபவர் நல்ல வியாபாரி அல்ல. பென்டிரைவும் திடீரென்று கெட்டுப்போகும் சாமான்தான். வருடம் ஒருமுறை, ஆயுத பூஜைக்குக் கணக்குப் புத்தகங்களை எடுக்கும் நாளில், இவற்றையும் போட்டு ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். மாற்றி முடித்தபின்பும் அசல் கேசட்டைத் தூக்கி எறிய வேண்டாம்.

கடைக்காரர்கள் கவனத்துக்கு

இனி சட்டத்துக்கு வருவோம். நம்மில் சிலர் மளிகையோடு செல்போன் ரீசார்ஜ், மெமரி கார்டு, பென்டிரைவ் விற்பனையும் செய்கிறோம். "கார்டு வாங்கினால் பாட்டு ஏற்றித் தருகிறீர்களா?" என்று வாடிக்கையாளர் கேட்பார். ஒரு காலத்தில் செல்போன் கடைகளில் இது சர்வ சாதாரணமாக நடந்தது. தெளிவாகச் சொல்கிறோம்: அதைச் செய்யாதீர்கள்.

1957-ம் வருடத்திய காப்புரிமைச் சட்டம், ஒருவர் தம் சொந்த உபயோகத்துக்காக நியாயமான அளவில் செய்துகொள்வதற்கு 52-ம் பிரிவில் இடம் கொடுத்திருக்கிறது. ஆனால் பிறருக்கு உரிமையான பாட்டையோ படத்தையோ காசுக்கோ, சரக்கோடு இலவசமாகவோ பிரதி எடுத்துக் கொடுப்பது அந்த வரம்புக்குள் வராது. 63-ம் பிரிவின்படி 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். இக்குற்றம் வாரண்டின்றிக் கைது செய்யக்கூடியது, ஜாமீனில் விட முடியாத வகையைச் சேர்ந்தது என்று 2022 மே மாதம் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருக்கிறது. தமிழ்நாட்டில் இதைவிடக் கடுமையான ஒன்றும் உண்டு. 1982-ம் வருடத்திய குண்டர் தடுப்புச் சட்டத்தில் 2004-ல் திருட்டு வீடியோ குற்றவாளிகளும் சேர்க்கப்பட்டார்கள். அந்தச் சட்டத்தில் 12 மாதம் வரை விசாரணையின்றிக் காவலில் வைக்கலாம். இருபது ரூபாய் லாபத்துக்காகக் கடையின் பெயரைப் பணயம் வைப்பது புத்திசாலித்தனமா?

அடுத்து, கல்யாண வீடியோவின் உரிமை. நீங்கள் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன வீடியோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, நீங்களே உரிமையாளர் என்று அதே சட்டத்தின் 17-ம் பிரிவு கூறுகிறது. ஆகவே அதைப் பிரதி எடுக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கால வழக்கப்படி ஸ்டுடியோக்காரர் அதில் சினிமாப் பாட்டுகளைச் சேர்த்திருப்பார். அந்தப் பாட்டு நம்முடையதல்ல. வீட்டில் பார்ப்பதில் தொல்லையில்லை. இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஏற்றினால் பாட்டுக் கம்பெனிக்காரர்கள் உரிமை கோரக்கூடும்.

கடையில் வாடிக்கையாளர் கேட்கும்படி பாட்டுப் போடுவதும் சட்டத்தின் பார்வையில் வீட்டில் கேட்பதைப் போன்றதல்ல. அதற்கு உரிமையாளர்களின் அனுமதி தேவை. யாராவது வந்து கட்டணம் கேட்டால் மிரள வேண்டாம், சண்டைக்கும் போக வேண்டாம். எந்தப் பாட்டுகளுக்கு, யார் சார்பில் வசூலிக்கிறார்கள் என்ற அதிகாரப் பத்திரத்தைக் கேட்டுப் பாருங்கள். ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் சங்கத்தைக் கலந்துகொள்ளுங்கள்.

சங்கங்கள் செய்யக்கூடியது

இவ்வளவையும் ஒவ்வொரு வியாபாரியும் தனியே செய்ய நேரம் ஏது? விடியற்காலையில் கோயம்பேடு, இரவு பத்து மணிக்குக் கல்லா கணக்கு. ஆகவே ஒரு யோசனையை முன்வைக்கிறோம். ஒவ்வொரு வட்டாரச் சங்கமும் நன்றாக ஓடும் பழைய டெக் ஒன்று, டேப் ரிக்கார்டர் ஒன்று, கேப்சர் கருவி ஒன்று வாங்கட்டும். கணக்கு எழுத ஏற்கெனவே உள்ள கம்ப்யூட்டரே போதும். ஒருமுறை போட்டுவிட்டால் அதுபாட்டுக்கு ஓடும், பக்கத்தில் ஆள் உட்கார வேண்டியதில்லை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று நாளைக்கு இரண்டு கேசட் மாற்றினாலும் 25 நாளில் 50 கேசட் முடியும். செலவுக்கு உறுப்பினரிடம் ஒரு சிறு தொகை வாங்கலாம். வாங்குவதும் கொடுப்பதும் ரசீதின்மேல் நடக்கட்டும். வீட்டுப் பதிவுகளை மட்டும் ஏற்பது, சினிமாப் படக் கேசட்டை ஏற்பதில்லை என்பது முதல் விதியாக இருக்கட்டும்.

சங்கத்துக்கே இதில் ஒரு கடமையும் உண்டு. வருடந்தோறும் மே 5 வணிகர் தினத்தில் மாநாடுகள் நடத்தியிருக்கிறோம். ஊர்வலம், கடையடைப்பு, விற்பனை வரிப் போராட்டம் என்று எத்தனையோ நிகழ்ச்சிகள். அவற்றில் பேசிய பெரியவர்களில் பலர் இன்று இல்லை. சில நிகழ்ச்சிகளை வீடியோ எடுத்தவர்கள் உறுப்பினர்களிலேயே இருப்பார்கள். அந்தக் கேசட்டுகளும் யாரோ ஒருவர் வீட்டுப் பரணில்தான் கிடக்கும். அவற்றைத் தேடி வாங்கி முதலில் மாற்றினால், வணிகர் ஒற்றுமை எப்படி வளர்ந்தது என்பதை அடுத்த தலைமுறை நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ளும். இன்று கல்லாவில் உட்காரும் இளைஞர்களுக்கு அதைவிடச் சிறந்த பாடம் வேறில்லை.

முடிவாக ஒன்று. எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முயல வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கடை சாத்தியதும் பீரோவைத் திறந்து கேசட்டுகளை எண்ணி ஒரு தாளில் எழுதுங்கள். அவற்றில் மிகப் பழையது எதுவோ, இன்று நம்மோடு இல்லாதவர்கள் அதிகம் இருப்பது எதுவோ, அதை முதலில் எடுங்கள். மற்றவை வரிசையாகத் தொடரட்டும். மழைக்காலம் தொடங்குவதற்குள் அந்த ஒன்றாவது முடிந்திருக்க வேண்டும்.